மாணவர் மன்றங்கள்: அன்றும் இன்றும்

பரிசளிப்பு விழா என்றதுமே, தம் பிள்ளை மேடையேறிக் கைகூப்பிப் பரிசு வாங்கும் காட்சிதான் பெற்றோரின் கண்முன் வந்து நிற்கும். மகிழ்ச்சியே! ஆனால், அந்த மேடையில் கால் நடுங்காமல் நிற்கவும், நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் பிள்ளை எங்கே பழகுகிறது? பாதி வகுப்பறையில், மறு பாதி மாணவர் மன்றங்களில். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அம்மன்றங்கள் இந்நாட்டில் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பட்டணத்தில் தொடங்கியது

1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பேடன் பவல் என்பார் சுமார் இருபது சிறுவர்களை ஒரு தீவுக்கு அழைத்துச் சென்று முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் அங்கிருந்து பிறந்தது. மறு ஆண்டே, அதாவது 1908-இல், அவ்வியக்கம் பினாங்கு வந்து சேர்ந்தது. பின்னர்ப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளில் சாரணர் படை, விவாத மன்றம், விளையாட்டு இல்லங்கள் எனப் பலவும் தோன்றின.

தோட்டத்துப் பிள்ளைக்கு இவையெல்லாம் எட்டாக் கனி. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது. ஆனால் பெரும்பாலும் ஒரே கொட்டகை; ஒரே வாத்தியார்; அவரே எல்லா வகுப்புக்கும். எழுத்தும் வாய்பாடும் கற்றுக்கொண்ட பிள்ளை, கை கொஞ்சம் வலுத்ததும் வாளி தூக்கப் போய்விடும். மன்றமாவது, கழகமாவது!

மணிமன்றம் அடித்த மணி

இந்த நிலையில் தமிழ் மாணவருக்கென்று ஒரு வாசல் திறந்தது. திறந்தவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள். 1903-இல் திருவாரூரில் பிறந்து, 1924-இல் சிங்கப்பூர் வந்த அவர், 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். 1950-களில் அவ்விதழில் மாணவர்களுக்கென்றே ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதி வெளிவந்தது. பிள்ளைகள் எழுதினார்கள், தங்கள் பெயர் அச்சில் வந்ததைக் கண்டு பூரித்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. எழுதியவர்களும் படித்தவர்களும் ஊர் ஊராய்க் கூடி மன்றம் அமைத்தார்கள். கட்டடம் கிடையாது, கோயில் மண்டபமோ பள்ளிக் கொட்டகையோ போதும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்ந்தெடுத்தார்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம் என்று நடத்தினார்கள். 1952 முதல் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாள், இவர்கள் திறமையைக் காட்டப் பெரிய மேடையாயிற்று. அக்காலத்து மாணவர்கள் பலர் பின்னாளில் எழுத்தாளராகவும், ஆசிரியராகவும், பொதுத்தொண்டராகவும் விளங்கினார்கள். மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் வளர்ந்ததும் இந்த வேரிலிருந்துதான்.

1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தது. அதன் நூலகத்துக்காகச் சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, கையில் இருந்ததைக் கொடுத்தவர்களில் பாட்டாளிகளும் உண்டு. தாம் நுழைய முடியாத இடத்துக்குத் தம் பிள்ளை நுழையட்டும் என்று கொடுத்த பணம் அது! 1974-இல் அவர் மறைந்தார். அவர் நட்ட மரம் நிற்கிறது.

இடைநிலைப் பள்ளியில்

1964-இல் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. அதன்பின் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகளெல்லாம் மேலே போக வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ரிமூவ் வகுப்பு வழியாகப் பட்டணத்துப் பள்ளிக்குப் போனார்கள். ஆனால் சிங்கப்பூரில் உமறுப் புலவர் பள்ளி 1960 முதல் 1982 வரை தமிழ் உயர்நிலைப் பள்ளியாக இருந்தது போல, மலேசியாவில் ஒன்று ஏற்படவில்லை. ஆகவே நம் பிள்ளை பாடத்தை வேறு மொழியில் படிக்கிறது. தமிழைக் கேட்பது தமிழ் வகுப்பிலும் தமிழ்மொழிக் கழகத்திலும்தான். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில், அந்தக் கழகம்தான் தோட்டத்துப் பிள்ளைக்குத் தாய்வீடு.

ஓராண்டில் என்ன நடக்கும்?

இடைநிலைப் பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கை மூன்று வகைப்படும்: சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு. ஒவ்வொரு மாணவனும் மூன்றிலும் சேர வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் பொதுக்கூட்டம், செயலவைத் தேர்தல். கை தூக்கி ஓட்டுப் போட்டு, தோற்றவன் வென்றவனுக்குக் கைகொடுப்பது அங்கேதான் முதல் பாடம். பிறகு வாராந்தரக் கூட்டம். செயலாளர் கூட்டக் குறிப்பு எழுத வேண்டும்; பொருளாளர் ஐந்து காசானாலும் கணக்குக் காட்ட வேண்டும். அடுத்து விளையாட்டுப் போட்டி, சாரணர் முகாம், முதலுதவிப் பயிற்சி, பேச்சுப் போட்டி, பொங்கல் விழா. கடைசியில் ஆண்டறிக்கை, ஆண்டு மலர். இத்தனையும் பிள்ளைகளே செய்வது. ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை

இனி, வாத்தியார் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். “படிக்கிறதுக்குத்தான் அனுப்புறோம், ஆட்டம் பாட்டத்துக்கு இல்ல சார்” என்று சில அம்மாமார் சொல்வதுண்டு. “பஸ் போயிடும், அப்புறம் யாரு போய்க் கூட்டிட்டு வர்றது?” என்று அப்பாமார் கேட்பதும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காலையில் பெரட்டுக்குப் போய், வெயிலில் செம்பனைக் குலை தூக்கிவிட்டு வந்தவர் மறுபடியும் மோட்டார் சைக்கிளை எடுப்பது லேசான காரியமா?

நானும் தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குப் போனவன்தான். முதல் இரண்டு வருஷம் எந்தக் கூட்டத்துக்கும் நான் தங்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவேன். மூன்றாம் வருஷம் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தது நான்; மேடையில் பேசியது வேறொருவன். எனக்கு நாலு பேர் முன்னால் நிற்கத் தைரியம் வரவில்லை. அவனுக்குப் பரிசு கிடைத்தது. நான் கீழே உட்கார்ந்து கைதட்டினேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் அந்தப் பயம் தெளிந்தது. என் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்குத் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். பத்துத்தானே என்று விட்டால், வாசல் வரை போய்த் திரும்ப நேரிடலாம்.

வழி என்ன? லயத்தில் நாலு வீட்டார் சேர்ந்துகொண்டால் போதும். வாரத்தில் ஒரு நாள், முறை போட்டு ஒருவர் போய்ப் பிள்ளைகளை அழைத்து வரலாம். அன்று கோயில் மண்டபத்தில் கூடி மன்றம் நடத்தியவர்கள் நம்மைவிட வசதியானவர்கள் அல்லவே!

மாணவச் செல்வங்களே! இன்று நம் பள்ளி மேடையில் பேசப் பழகுங்கள். நாளை இடைநிலைப் பள்ளிக்குப் போனதும், முதல் வாரமே தமிழ்மொழிக் கழகம் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால், பத்துப் பேர் சேர்ந்து ஆசிரியரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க மாணவர் மன்றங்கள்!