தேநீர்க் கடைக் கதிரை

யாழ்ப்பாணத்தில பெரியகடைப் பக்கம், குடும்பமா நடத்துற சைவக் கடையொண்டுக்குள்ள நாங்கள் போய் இருந்தா, இடியப்பமும் சொதியும் சம்பலும் மேசைக்கு வந்திடும். என்ன ஆக்கள் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

முன்பு கேட்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கடைக்குள் கதிரை இல்லை. வெளியே நின்று போத்தலிலோ தகரப் பேணியிலோதான் தேநீர் குடிக்கவேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது; கடைக்குள் விடாமல் மறிப்பது குற்றமானது. சட்டம் வந்ததே தவிர, பல கடைகளில் கதிரை வரவில்லை. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். பிறகு சங்கானை, சாவகச்சேரிப் பக்கக் கடைகளுக்குள் நுழைந்து இருந்தார்கள், அடியும் வாங்கினார்கள்.

எங்கட அப்பப்பாமாரின்ர காலம்தான். வீட்டில கேட்டுப் பாருங்கோ. கனபேர் கதையை மாத்திடுவினம்.