மும்பை மாநகராட்சி கைவிட்ட ஓர் அதிகாரம்: செல்லப்பிராணிக் கடைகளின் ஒழுங்குமுறை குறித்து

மும்பையின் மாட்டுங்கா வட்டாரத்தில் தெருக்கள் அகலமாக, மரநிழலோடு, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விட்டு அமைந்ததற்கு ஒரு கொள்ளைநோய் காரணம். 1896இல் மாண்ட்வியில் தொடங்கிய பிளேக் பம்பாயை உலுக்கிய பிறகு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நகரத்தின் நெரிசலைத் தளர்த்த அது வகுத்த திட்டங்களில் தாதர்–மாட்டுங்காத் திட்டமும் ஒன்று. தமிழ்க் குடும்பங்கள் வந்து நிலைகொண்ட வீடுகள் அந்தத் திட்டத்தில் எழுந்தவை. பிளேக்கைப் பரப்புவது எலியின் உடலில் வாழும் தெள்ளு என்பது அறிவியலில் உறுதிப்படச் சில ஆண்டுகள் பிடித்தன. ஆனால் எலி செத்து விழும் வீட்டில் மனிதரும் பிழைப்பதில்லை என்று நகரம் அதற்குள் கண்கூடாகக் கண்டிருந்தது. ஒரு விலங்கு எங்கே, எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பது இந்த வட்டாரத்தின் உள்ளாட்சிக்குப் பிறப்போடு வந்த பொறுப்பு.

அந்தப் பொறுப்பு செல்லப்பிராணிக் கடையின் வாசலில் நின்றுபோனது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நாய்க்குட்டி, பூனைக்குட்டி, லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி, வண்ண மீன், கையகல ஆமை ஆகியவற்றைச் சில்லறையில் விற்கும் கடைகளைக் கட்டுப்படுத்துவது யார் என்ற விவாதம் மும்பையில் நெடுநாளாக நடக்கிறது. கிராஃபோர்டு மார்க்கெட்டின் பிராணிக் கடைகள் குறித்துப் பொதுநல வழக்குகள் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. மாநில வாரியம் பதிவு செய்கிறது. கடை இருக்கும் வார்டின் அலுவலகம் மட்டும் இந்த ஏற்பாட்டில் ஓரத்தில் நிற்கிறது. பிராணி விற்பனைக்கான அனுமதியும் ஆய்வும் வார்டு அலுவலகத்தின் சுகாதார உரிமத்தோடு பிணைக்கப்படாதவரை, எவ்வளவு நல்ல விதியும் கூண்டுக்குள் எட்டாது என்பது என் வாதம்.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் வழியே பிறந்தது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையில் இருந்தது. அச்சட்டத்தின் கீழ் 2017இல் நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகளும், 2018 செப்டம்பரில் செல்லப்பிராணிக் கடை விதிகளும் வந்தன. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது, கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும், கூண்டுக்கு அளவு உண்டு, வாங்கியதற்கும் விற்றதற்கும் கணக்கு வேண்டும் என இவ்விதிகள் சொல்வதில் குறை காண இடமில்லை. இவற்றை நிறைவேற்றும் கை எது என்பதில்தான் சிக்கல்.

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளை வரிசைப்படுத்தும் அந்த அட்டவணையில் 15ஆவது இனம் கால்நடைப் பட்டிகளையும் விலங்கு வதைத் தடுப்பையும் குறிப்பிடுகிறது. விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலிலும் இருக்கிறது என்பதால் நாடாளுமன்றம் சட்டமியற்றியதில் தவறில்லை. ஆனால் செயல்படுத்தும் இடம் நகராட்சி என்று அரசமைப்பே சுட்டிக்காட்டிய பிறகு, 2018 விதிகள் பதிவை மாநிலம் முழுமைக்கும் உள்ள ஒரே வாரியத்திடம் கொடுத்தன. நாக்பூர்க் கடையும் கோலாப்பூர்க் கடையும் மாட்டுங்காக் கடையும் அதே வாரியத்தின் முன் வரிசையில் நிற்க வேண்டும். வாரியத்துக்குத் தெருவில் ஆள் கிடையாது. வார்டு அலுவலகத்துக்கு உண்டு.

மாட்டுங்கா எஃப் வடக்கு வார்டைச் சேர்ந்தது. அங்கே சுகாதார அதிகாரி இருக்கிறார், உரிம ஆய்வாளர் இருக்கிறார், கடைகள் பதிவுக்கென ஆள் இருக்கிறார். 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 394ஆவது பிரிவு, சில தொழில்களை ஆணையரின் உரிமமின்றி நடத்தக் கூடாது என்கிறது. இதன் பலத்தில்தான் ஆய்வாளர் மாட்டுங்காவின் இட்லிக் கடைச் சமையலறைக்குள் நுழைந்து, மாவு அரைக்கும் இடத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் சாக்கடை போகும் வழியையும் பார்க்கிறார். இட்லிக்கு இருக்கும் இந்தக் கண்காணிப்பு நாற்பது பறவைகளை அடைத்து வைத்த கூண்டுக்கு ஏன் இல்லை? மாநகராட்சியின் சொந்த மார்க்கெட்டில் நிலைமை இன்னும் வெளிப்படை. கிராஃபோர்டு மார்க்கெட்டில் மாநகராட்சி கட்டுப்பாட்டாளர் மட்டுமல்ல, இடத்தின் சொந்தக்காரரும்கூட. தன் கூரையின் கீழ் நடக்கும் விற்பனைக்கு நிபந்தனை போட அதற்கு எந்த மேலிடத்து அனுமதியும் தேவைப்பட்டிராது. நீதிமன்றம் கேட்டபின் பதில் சொல்லும் தரப்பாக அது இருந்துவந்தது வருத்தத்துக்குரியது.

ஆய்வு அருகிலிருந்தே நடக்க வேண்டும் என்பதற்கான காரணத்தை நோய் சொல்கிறது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸை எடுத்துக்கொள்வோம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் ஆறாவது வாரத்திலிருந்து மெல்லக் குறைகிறது. தடுப்பூசி முழுப்பயன் தருவதற்குப் பதினாறு வாரம் வரை ஆகலாம். இந்த இடைவெளியில்தான் குட்டி கைமாறுகிறது. வளர்ப்பவரிடமிருந்து தரகருக்கு, தரகரிடமிருந்து கடைக்கு, பெட்டியில், வேனில், ரயிலில், வேறு குட்டிகளோடு ஒட்டி உரசியபடி வருகிறது. தொற்றிய பின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் நான்கு முதல் ஏழு நாளாகும். கடைக்காரர் கையில் தரும்போது குட்டி வாலாட்டுகிறது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டை மறுக்கிறது. அடுத்த நாள் வாந்தி. பிறகு ரத்தம் கலந்த பேதி, அதன் தனியான நாற்றம். டிரிப்ஸ் ஏற்றிக் காப்பாற்றப்படுவதும் உண்டு, இரண்டே நாளில் முடிந்துபோவதும் உண்டு. வாங்கியவர் அழுதுவிட்டு, தன் கவனிப்பில்தான் ஏதோ பிழை என்று எண்ணிக்கொள்கிறார். அந்த வைரஸோ கடைத் தரையில், கூண்டுக் கம்பியில், சாக்கு விரிப்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது மசியாது. அடுத்த வாரம் அதே கூண்டில் அடுத்த குட்டி.

இந்தச் சங்கிலியை அறுக்கக்கூடிய கால அளவு ஒரு வாரம். குட்டி இறந்த செய்தி அதே வார்டின் கால்நடை மருத்துவரிடமிருந்து சுகாதார அதிகாரிக்குப் போய், அவர் மறுநாளே கடைக்குச் சென்று, கூண்டைக் காலிசெய்யச் சொல்லி, விற்பனைக் கணக்கேட்டைப் பார்த்து, அதே தொகுதியில் வந்த மற்றக் குட்டிகளை வாங்கியவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். டைபாய்டு வந்தாலோ டெங்கு வந்தாலோ மாநகராட்சி செய்வது இதைத்தான். மாநிலம் முழுவதையும் பார்க்கும் வாரியத்தால் இது இயலாது. அதைக் குற்றம் சொல்வதிலும் நியாயமில்லை.

பறவை விஷயத்தில் சட்டம் கடுமையாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் நம் நாட்டுப் பறவைகளின் வியாபாரத்தை அடைத்துவிட்டன. பச்சைக்கிளியையோ முனியாவையோ விற்பது குற்றம். 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, உயிரின வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் (CITES) பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பதும் பதிவுக்கு உட்பட்டது. ஆனால் ஆஸ்திரேலிய பட்ஜெரிகரும் சாயம் பூசிய முனியாவும் ஒரே கூண்டு வரிசையில் இருக்கும்போது, எது சட்டப்படியானது என்று சொல்லத் தெரிந்த கண் வேண்டும். அந்தப் பயிற்சியை வார்டு ஆய்வாளருக்குத் தருவது பெரிய செலவு இல்லை. ஆனால் கூண்டில் நடக்கும் வதைக்குத் தண்டனை அற்பம்: வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. 1960இன் ரூபாய்க் கணக்கு இன்னும் நீடிக்கிறது. நாய்க்குட்டி ஆயிரக்கணக்கில் விலைபோகும் சந்தையில் இந்த அபராதம் யாரையும் தடுக்காது. உரிமம் பறிபோனால் கடை மூடும். அந்தப் பயம்தான் வேலை செய்யும்.

மேலிடத்து உத்தரவுகள் நாய்கள் விஷயத்தில் எப்படி முடிகின்றன என்பதற்கு இந்த நகரத்திலேயே பழைய சான்று இருக்கிறது. 1832இல் தெருநாய்களைக் கொல்ல ஆங்கில நிர்வாகம் இட்ட ஆணையை எதிர்த்துப் பார்சிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அண்மைச் சான்று 2024 மார்ச்சில் வந்த மத்திய அரசின் சுற்றறிக்கை: 23 வகை நாய்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்கச் சொன்னது, உரிய கலந்தாலோசனை இல்லாமல் வந்தது என்பதால் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. 2017இன் மீன்தொட்டி விதிகளும் அதே வழியில் போயின. சென்னையின் கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ண மீன் வளர்ப்பு குடும்பத் தொழில். அவர்களைக் கேட்காமல் எழுதிய விதி எதிர்ப்பைச் சந்தித்துத் திரும்பப் பெறப்பட்டது. இதனால் மீனுக்கு இருந்திருக்கக்கூடிய சிறு பாதுகாப்பும் போயிற்று.

வெளிநாட்டு அனுபவம் உள்ளாட்சியின் பக்கம் பேசுகிறது. அமெரிக்காவில் கடையில் நாய்க்குட்டி விற்பதற்கான தடை நகர மன்றங்களில்தான் முளைத்தது. 2006இல் ஆல்புகர்க்கி, 2010இல் மேற்கு ஹாலிவுட், 2012இல் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று நகர் நகராகப் பரவி, 2019இல் கலிஃபோர்னியா முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு: அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரம் போட்ட தடையை 2016இல் மாநிலச் சட்டம் செல்லாததாக்கியது. பிரான்சில் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்பனை இல்லை. மும்பைக்கு நான் முன்வைக்க விரும்புவது இங்கிலாந்தின் ஏற்பாட்டை. நாம் வாரியப் பதிவைக் கொண்டுவந்த அதே 2018இல், அங்கே உள்ளாட்சி மன்றங்கள் வழங்கும் பிராணி விற்பனை உரிமத்துக்குப் புது விதிகள் வந்தன. ஆய்வுக்குப் பின் கடைக்கு நட்சத்திர மதிப்பீடு கிடைக்கும். நன்றாக நடத்துபவருக்கு மூன்றாண்டு உரிமம், மற்றவருக்குக் குறைந்த காலம். இந்த அடித்தளம் இருந்ததால்தான் 2020இல் ஆறு மாதத்துக்குட்பட்ட நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர் விற்பதைத் தடை செய்ய அவர்களால் முடிந்தது.

முழுத் தடையே வேண்டும் என்று கேட்கும் நண்பர்களின் நெஞ்சம் எனக்குத் தெரியும்; அந்தக் கூண்டுகளைப் பார்த்தவர் எவரும் அப்படித்தான் கேட்பார். ஆனால் சென்னையின் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது அங்கிருந்த பறவை, பிராணி வியாபாரம் சாம்பலாகவில்லை, தெருவோரங்களுக்குச் சிதறியது. இன்று சிதற இன்னும் எளிய இடம் இருக்கிறது: கைபேசி. வாட்ஸ்அப்பில் படம், ஸ்டேஷன் வாசலில் கைமாற்றல், முகவரி இல்லாத விற்பனையாளர். கடைக்காவது கதவு எண் உண்டு. கடையைக் கண்காணிக்கும் பழக்கமே இல்லாத நிர்வாகம் தடை போட்டால், அது பிராணியைக் கண்ணுக்கு மறைவான இடத்துக்கு அனுப்புவதாக முடியும்.

வார்டு ஆய்வாளர் கையில் அதிகாரம் கொடுத்தால் ஹஃப்தா எனப்படும் மாமூல் வசூல்தான் பெருகும் என்ற எதிர்வாதம் கனமானது. மும்பையில் கடை வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது அது. மறைவில் நடக்கும் ஆய்வு ஊழலுக்கு இடம் தரும் என்பதை ஒப்புக்கொண்டே, ஆய்வைத் திறந்து வைக்க வேண்டும் என்கிறேன். ஆய்வு அறிக்கை கடை வாசலில் மராத்தியிலும் இந்தியிலும் ஒட்டப்பட வேண்டும். எத்தனை உயிர் வந்தது, எத்தனை விற்றது, எத்தனை இறந்தது என்ற மாதக் கணக்கு வார்டு அலுவலகப் பலகையில் இருக்க வேண்டும். இறப்புக் கணக்கை வாங்குபவர் பார்க்க முடிந்தால், ஆய்வாளரைச் சரிக்கட்டுவதால் கடைக்குக் கிடைக்கும் லாபம் குறையும்.

மத்திய விதி இருக்கும்போது உள்ளூர் உரிமம் முரணாகாதா என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் ஒருசேரக் கீழ்ப்படிய முடியுமானால் அங்கே முரண் எழுவதில்லை. வாரியத்தில் பதிவு பெற்றவர் மாநகராட்சி உரிமமும் பெறுவது, உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்ற ஓட்டல்காரர் மாநகராட்சி உரிமமும் பெறுவதைப் போன்றதே.

2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் நிர்வாகியின் கீழ் நகரம் இருந்தது. 2026 ஜனவரியில்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. 227 உறுப்பினர் கொண்ட மன்றம் இந்த உரிமத்தை எடுத்துப் பேசத் தொடங்கினால், முதல் கேள்வியாகப் பறிமுதலை வைக்க வேண்டும். சட்டத்தை மீறிய கடையிலிருந்து அறுபது பறவைகளும் ஒன்பது குட்டிகளும் எடுக்கப்பட்டால் அன்றிரவு அவை எங்கே தங்கும்? 1874இல் தொடங்கிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும், 1883 முதல் பரேலில் நடக்கும் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனையும் எல்லாச் சுமையையும் தாங்க முடியாது. இடமில்லை என்ற காரணத்தாலேயே பிராணிகள் அதே கடைக்காரரின் பொறுப்பில் திரும்ப விடப்படும். ஆகவே உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு வார்டுதோறும் ஒரு சிறு காப்பிடத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும். உரிமம் பெறும் கடை, தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டிகளுக்குத் தத்துக்கூண்டு ஒன்றை இலவசமாக வைக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையில் சேர்க்கலாம். இந்த இரண்டுக்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பும், உரிமப் படிவத்தில் இரண்டு வரியும் போதும்.