பெங்களூரில் இயந்திரப் பொறியியல்: பட்டமும் பணியும்

பெங்களூரில் இயந்திரப் பொறியியலின் வரலாற்றைக் கல்லூரியை மட்டும் கொண்டு எழுத இயலாது. 1917இல் மைசூர் திவான் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் அரசுப் பொறியியல் கல்லூரி இங்குத் தோன்றியபோதே, கட்டடப் பொறியியலோடு இயந்திரப் பொறியியலும் கற்பிக்கப்பட்டது. நகரில் அப்போது நெசவாலைகள் இருந்தன. ஆனால், அயல்நாட்டு இயந்திரங்களை ஓட்டுவதும் பழுதுநீக்குவதுமே அங்குப் பொறியாளருக்குரிய பணி.

வடிவமைக்கும் பணி பின்னரே வந்தது. 1940இல் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் துணையோடு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். போர்க்காலத்தில் அது நேசநாட்டு விமானங்களைச் செப்பனிட்டது, 1951இல் வி. எம். காட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்ட எச்.டி.-2 பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டது. 1953இல் நிறுவப்பெற்ற எச்.எம்.டி., சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் கடைசல் இயந்திரங்களை உற்பத்தி செய்தது. பிற இயந்திரங்களை ஆக்கும் இயந்திரமே உள்ளூரில் உருவாயிற்று.

இன்று இப்பட்டம் பெற்றோர் பலர் மென்பொருள் நிறுவனங்களுக்குச் செல்வதை மாணவரின் ஆர்வக்குறைவு என்று மட்டும் விளக்குவது பொருந்தாது. மேற்கண்ட இரு ஆலைகளும் அரசு முதலீட்டால் எழுந்தவை. படிப்பு ஆற்றலைத் தருகிறது; அதற்குரிய பணியைத் தொழிற்கொள்கையே தர வேண்டியிருக்கிறது.