சிறையறிந்த நீதிபதி: வி. ஆர். கிருஷ்ண ஐயர்

நீதிபதியானவர் தமது கடந்த காலத்தை நீதிமன்ற வாயிலிலேயே விட்டுவிட்டு உட்செல்ல வேண்டும் என்பது பொதுவான எண்ணம். நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயரின் வாழ்வைக்கொண்டு இவ்வெண்ணத்தைச் சோதித்தறிய விழைகிறோம்.

அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரில், தலச்சேரியில், 1938ஆம் ஆண்டு வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய அவர், குடியானவர்களுக்காகவும் தொழிலாளருக்காகவும் வாதாடினார். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1948இல் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையிலிருந்தார். 1952இல் சுயேச்சையாகச் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தெரிவு செய்யப்பட்டார். 1957இல் கேரள அமைச்சரவையில் சட்டத்துறையோடு சிறைத்துறையையும் ஏற்றார். இவ்வாறு சிறைச்சாலையைக் கைதியாகவும் அமைச்சராகவும் கண்டவர், 1973இல் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார்.

அவருடைய தீர்ப்புகளில் இவ்வனுபவம் ஒலிப்பதைக் காண்கிறோம். 1978இல் மோத்தி ராம் என்னும் கொத்தனாரின் பிணை வழக்கு அவர்முன் வந்தது. கீழ்நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டதுடன், வேற்று மாவட்டத்தவர் என்பதால் சகோதரரின் ஜாமீனையும் மறுத்திருந்தது. கிருஷ்ண ஐயரோ 1,000 ரூபாய்க்கான சொந்தப் பத்திரத்தின்மேல் அவரை விடுவிக்க ஆணையிட்டார். பிணைத்தொகை ஏழைக்குச் சிறைக்கதவாகிவிடுகிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் சித்திரவதைக்குள்ளானதைக் குறித்து எழுதிய கடிதம், ஆட்கொணர்வு மனுவாகவே ஏற்கப்பட்டது. 1979 டிசம்பரில் தீர்ப்பும் கிடைத்தது.

இது பாரபட்சமன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்பதே நம் துணிபு. இத்தீர்ப்புகளின் ஆதாரம் கட்சிக் கொள்கையன்று. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு முதலியனவே. அனுபவம் அவருக்குச் சட்டத்தை அளிக்கவில்லை. சட்டம் யாரைக் காணத் தவறுகிறது என்பதையே காட்டியது.

இங்கு நாம் நம்மையும் ஆராய வேண்டியவர்களாயிருக்கிறோம். அவர் அங்கம் வகித்த அமைச்சரவையைக் கல்விச் சட்டத்தின் பொருட்டுக் கேரளக் கிறிஸ்தவர் பலர் முன்னின்று எதிர்த்தனர். 1959 ஜூலை 31இல் அது கலைக்கப்பட்டது. அவ்வெதிர்ப்பின் நியாயங்களை இங்கு எடைபோட முற்படவில்லை. ஆயினும், மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியைப் பிரசங்கிக்கும் நாம், நம் நிறுவனங்களைக் காத்த அதே ஊக்கத்தோடு சிறையிலிருப்போரை விசாரித்தோமா? இக்கேள்விக்கு விடையளிக்காமல் நீதியைக் குறித்துப் போதிப்பது நமக்குத் தகாது.