காட்டுச்சேவலின் கழுத்து இறகு

திருத்தணி மலையில் முருகனுக்குச் சேவற்கொடி; சுற்றுவட்டாரத்தில் தறிச்சத்தம். அங்குள்ள ஆர்.கே.பேட்டைக்காரர்களுக்கு இறகும் நூலும் புதிதல்ல. இரண்டையும் தூண்டில் முள்ளில் சேர்த்துக் கட்டினால் மீனை ஏமாற்றும் போலிப்பூச்சி தயார். புழுவும் வேண்டாம், மாவு உருண்டையும் வேண்டாம். மேல்நாட்டில் பலருக்கு இது வாழ்நாள் பித்து. அந்தப் பித்தில் நம் காட்டுச்சேவலுக்குப் பெரிய பங்குண்டு.

கி.பி. 200 வாக்கில் ரோமானிய எழுத்தாளர் ஈலியன் மாசிடோனிய மீனவர்களைப் பற்றி எழுதிவைத்தார். அவர்களுடைய ஆற்று மீன்கள் ஒருவகைப் பூச்சியை விரும்பித் தின்றன. அந்தப் பூச்சியைக் கையில் பிடித்தாலோ நிறம் மங்கி, இறக்கை வாடிவிடும். அதனால் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இரண்டு இறகுகளைக் கட்டினார்கள். மீனும் ஏமாந்தது. 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று 12 போலிப்பூச்சிகளை மாதவாரியாக விவரிக்கிறது. கன்னிமாடத் தலைவி ஒருவர் எழுதியது என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

அடுத்த தாவல் நம் பக்கம். 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா, தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியை ஐரோப்பாவுக்கு விவரித்தார். அவர் பெயரையே அதன் அறிவியல் பெயரும் சுமக்கிறது. இதன் சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு சொட்டியதுபோல் வெளிர்மஞ்சள் பொட்டு பளபளக்கும். போலிப்பூச்சியின் பக்கவாட்டில் வைத்தால் சிறுமீனின் கண் மாதிரியே இருக்கும். அது போதாதா! விக்டோரியா காலத்து சால்மன் தூண்டில்காரர்கள் மயங்கிப்போனார்கள். 1850ஐ ஒட்டி உருவாகிப் புகழ்பெற்ற 'ஜாக் ஸ்காட்' மாதிரியிலும் இந்த இறகு உண்டு. தோலோடு உரித்த கழுத்துகள் கப்பலேறின. 1902இல் இந்திய அரசு காட்டுப்பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

இறகு கப்பலில் போனது; கட்டும் வித்தை தபாலில் போனது. 1890இல் அமெரிக்கர் தியோடர் கார்டன், இங்கிலாந்தின் தூண்டில் நிபுணர் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். பதிலோடு நீரில் மிதக்கும் போலிப்பூச்சிகளும் உறைக்குள் வந்தன. தன் ஊர் ஆற்றில் பறந்த பூச்சிகள் வேறு என்பதால் கார்டன் அவற்றை அப்படியே காப்பியடிக்காமல் மாற்றிக் கட்டினார். 1892இல் மேரி ஆர்விஸ் மார்பரி, நாடெங்கும் உள்ள தூண்டில்காரர்கள் எழுதிய கடிதங்களைத் தொகுத்து, எந்தப் பெயர் எந்தப் பூச்சிக்கு என்ற குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1920களின் இறுதியில் நடந்தது. நியூயார்க் மாநில மலைப்பகுதியில் ரூப் கிராஸ் என்பவர் போலிப்பூச்சி கட்டுவதில் கெட்டிக்காரர். வால்ட் டெட் என்ற இளைஞர் 50 டாலர் தருகிறேன், கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாராம். கிராஸ் மறுத்துவிட்டார். கிராஸ் கட்டிய பூச்சிகளையே டெட் வாங்கிவந்து, வின்னி, ஹாரி டார்பி இருவரோடும் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்தார். எது கடைசியில் அவிழ்கிறதோ அதுதான் முதலில் கட்டியது. அந்த மூவருமே பின்னாளில் பேர்பெற்ற கைவினைஞர்கள் ஆனார்கள்.

தூண்டில் பித்து நம் பக்கமும் வந்தது. நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீனை வளர்க்க 1863இல் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைத்த பிறகே மீன் நிலைத்தது. சமவெளிக்கும் பங்குண்டு. சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887இல் தனி நூல் எழுதினார்.

பித்து முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2009 சாட்சி. இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் ஜன்னலை உடைத்து நுழைந்த இசை மாணவர் 299 பறவைத் தோல்களைத் திருடினார். விக்டோரியா காலத்துப் போலிப்பூச்சிகளைக் கட்டுவோருக்கு அரிய இறகுகளை விற்பதுதான் நோக்கம். ஆய்வுக்கு உயிர்நாடியான அடையாளச் சீட்டுகள் பல தோல்களிலிருந்து கழன்றுபோனது ஈடுகட்ட முடியாத இழப்பு.

பலர் செய்வது இதற்கு நேர்மாறு: கட்டியதைப் பகிர்ந்துகொள்வார்கள். பன்னிரண்டு பேர் சேர்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரே மாதிரியில் பன்னிரண்டு கட்டி ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப, ஆளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விதமும் திரும்பி வருகின்றன. எந்த முள், எந்த நூல், எந்த இறகு என்று ஒவ்வொன்றிலும் குறிப்புச் சீட்டு. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. தலைப்பக்கம் எத்தனை சுற்று, இறகின் அடிப் பஞ்சை எவ்வளவு உருவியிருக்கிறார்கள், பிளந்த இறகை ஒரு சொட்டு வார்னிஷால் எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் லென்ஸ் வைத்தால் தெரியும்.

காட்டுச்சேவலை இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காக்கிறது, வேட்டையாடுவது குற்றம். வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்த சேவல்களின் இறகு விற்பனைக்குக் கிடைக்கிறது. நம் ஏரி விராலுக்கு அதெல்லாம் தேவையில்லை. நாட்டுச்சேவல் உதிர்த்த இறகும் தறியில் மிஞ்சிய நூலும் போதும். இரண்டு கட்டி, ஒன்றை நண்பருக்குக் கொடுங்கள்.