மஅபர்: புதுக்கோட்டைக் கடற்கரையின் எழுதப்படாத வரலாறு

அரபு மொழியில் 'அபர' என்னும் வினைச்சொல்லுக்குக் கடத்தல், ஒரு கரையிலிருந்து மறுகரை சேர்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த இடப்பெயரே 'மஅபர்'. கடந்து செல்லும் இடம், கடவுத்துறை என்று அதனைத் தமிழில் கூறலாம். இடைக்கால அரபு, பாரசீக ஆசிரியர்கள் தமிழகத்தின் கீழைக் கடற்கரைக்கு இப்பெயரையே வழங்கினர். கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை ஏறத்தாழ 300 பர்சங் நீளமுள்ள நாடு என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அதன் எல்லையை வரையறுக்கிறார். ஆண்ட மன்னரின் பெயராலோ விளைந்த பொருளின் பெயராலோ அன்றி, கடத்தல் என்னும் செயலாலேயே ஒரு நாடு பெயர் பெற்றது சிந்திக்கத்தக்கது.

அந்த மஅபரின் ஒரு சிறு துண்டே இன்றைய புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை. வடக்கே கட்டுமாவடியில் தொடங்கித் தெற்கே முத்துக்குடாவை அடுத்து இராமநாதபுர மாவட்ட எல்லையில் முடியும் இக்கரையின் நீளம் ஏறத்தாழ 40 கி.மீ. மணமேல்குடி, மீமிசல் ஆகிய ஊர்களோடு கிருஷ்ணாஜிப்பட்டினம், அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், அரசநகரிப்பட்டினம் என்று 'பட்டினம்' ஈற்றுப் பெயர்கள் இங்கு வரிசையாக வருகின்றன. தமிழில் பட்டினம் என்பது துறைமுக ஊரையே குறிக்கும். இத்தனை பட்டினங்கள் ஒருங்கே அமைந்த ஒரு கரையின் வரலாறு தனி நூலாக நம் கைக்கு வராதது ஏன்? இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது இதுவே.

முதலில் நில அமைப்பைக் காண்போம். வடகிழக்கே கோடியக்கரை முனையும் தெற்கே இராமேசுவரம் தீவும் கிழக்கே இலங்கையும் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலே இக்கரையின் முன் விரிந்துள்ளது. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரால் இக்கடல் இன்று பாக் விரிகுடா எனப்படுகிறது. கடல் ஆழமற்றதாதலின் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது. தோணிகளும் வள்ளங்களும் எளிதில் அணுகலாம். அலையின் வேகமும் இங்குக் குறைவு. வெள்ளாறும் பாம்பாறும் கொண்டு சேர்க்கும் வண்டலில் மணமேல்குடி, முத்துக்குடாப் பகுதிகளில் அலையாத்திக் காடுகள் வளர்கின்றன. ஆகவே நாகப்பட்டினம் போன்ற ஒரே பெருந்துறைமுகம் இங்கு உருவாகாமல், சிறு துறைகள் பல அடுத்தடுத்துத் தோன்றின. ஒரு துறை வண்டலால் தூர்ந்தால் வணிகமும் குடியிருப்பும் அடுத்த துறைக்கு நகர்ந்தன. பெருந்துறைமுகத்துக்குரிய புகழ் இவ்வூர்களுக்கு வாய்க்காமைக்கு இந்நில அமைப்பே முதற்காரணம்.

கரையிலிருந்து சற்று உள்ளே அமைந்த ஆவுடையார்கோயிலின் பழம்பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனின் அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் பொன்னுடன் அனுப்பப்பட்டதும், வழியில் பெருந்துறையில் அவர் மனம் மாறியதும் சைவ மரபு போற்றும் வரலாறு. அதன் சமய உட்பொருளை ஆராய்வது நம் நோக்கமன்று. கீழைக்கரைத் துறைகளில் கடல் வழியே குதிரைகள் வந்திறங்கின என்னும் செய்தி மக்கள் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதையே வரலாற்று மாணவர் இதில் கவனிப்பர்.

அந்நினைவுக்கு வலுவான எழுத்துச் சான்றும் உண்டு. கைஸ் தீவின் பெருவணிகர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், பாரசீக வளைகுடாவின் பிற துறைகளிலிருந்து 10,000 வரை குதிரைகள் வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாரான தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராக விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. தமிழில் 'ராவுத்தர்' என்னும் சொல் குதிரை வீரரைக் குறித்தது. இன்றும் கோட்டைப்பட்டினத்து தர்கா ராவுத்தர் பெயராலேயே வழங்குகிறது. மாவட்ட எல்லையைத் தாண்டித் தெற்கே உள்ள தீர்த்தாண்டதானத்தின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டோ, அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலான வணிகக் குழுக்கள் கூடி, கோயிலுக்காகத் தம் சரக்குகளின் மீது மகமை விதித்துக்கொண்டதைக் கூறுகிறது. அஞ்சுவண்ணம் என்பது மேலை ஆசிய வணிகர்களின் அமைப்பு என்பது அறிஞர் கருத்து. கடல் வணிகம் இக்கரையில் எத்தகைய ஊர் ஒழுங்கை உருவாக்கியிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

இனி, இக்கரையை மற்றொரு கரையுடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். இப்னு பதூதா 1331ஆம் ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்காவின் கில்வா நகரை அடைந்தார். அதற்கும் தெற்கே, அரை மாதப் பயணத் தொலைவில், பொன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஸுஃபாலா இருப்பதாக அவர் அங்குக் கேட்டறிந்தார். இன்று மொசாம்பிக் நாட்டின் ஒரு மாகாணம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே பயணி, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1344இல், இலங்கையிலிருந்து இந்தக் கடலைக் கடந்து மஅபர் வந்தார். கரையை நெருங்கும்போது அவர் ஏறிவந்த கலம் உடைந்தது. அப்போது மதுரையில் ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தாமகானியை அவர் சந்தித்தார். அந்த சுல்தான் குடிமக்களுக்கு இழைத்த கொடுமைகளை அவர் மறைக்காமல் எழுதி வைத்தார். ஆட்சியாளர் முஸ்லிம் என்பதற்காக வரலாற்றாசிரியர் கண்ணை மூடிக்கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

ஆப்பிரிக்கக் கரைக்கும் அரபு மொழியே பெயர் தந்தது. 'ஸாஹில்' என்றால் கரை. அதன் பன்மை 'ஸவாஹில்'. சுவாஹிலி மொழியும் மக்களும் அச்சொல்லால் பெயர் பெற்றனர். அவர்கள் தம் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். நம் முன்னோர் தமிழின் ஒலிகளுக்கேற்ப எழுத்துகளைச் சேர்த்து அரபுத்தமிழை வளர்த்தனர். அங்கும் அலையாத்திக் காடுகளும், கழிமுகத் துறைகளும், மண்ணின் மக்களோடு மண உறவு கொண்ட வணிகக் குடிகளும் இருந்தன. இரு கரைகளிலும் 1498க்குப் பின் போர்த்துக்கீசியர் நுழைந்தனர். 1505இல் ஸுஃபாலாவில் அவர்கள் கோட்டை எழுப்பினர். 1538இல் இராமநாதபுரக் கரையின் வேதாளையில் மரைக்காயர் படை அவர்களிடம் தோற்றது. பிற்காலத்தில் ஸுஃபாலாத் துறை மணலால் தூர்ந்தது. வணிகம் பெய்ரா நகருக்குச் சென்றது.

ஆயினும் ஒரு வேறுபாடு நம் நெஞ்சைத் தைக்கிறது. கில்வா மக்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே தம் நகரின் வரலாற்றை அரபு மொழியில் எழுதி வைத்தனர். 'கிதாபுஸ் ஸுல்வா' என்னும் அந்நூலின் படி ஒன்று இலண்டனில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அந்நகரின் பெருமை மங்கிய பின்னரும் அதன் வரலாறு மங்கவில்லை. நம் பட்டினங்களுக்கு அத்தகைய நூல் வாய்க்கவில்லை. நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவற்றைக் கொண்டே நாம் நம்மை அறிய வேண்டியுள்ளது.

பிறர் எழுதியவற்றிலும் இக்கரைக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கு ஆட்சி எல்லைகள் மாறிய விதம் காரணமாயிற்று. சேதுபதிகளின் அரியணைப் போட்டியில் தஞ்சை மராத்திய அரசு தலையிட்டதன் விளைவாக, 1730ஐ ஒட்டிப் பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள பகுதி தஞ்சைக்குச் சென்றது. 1799இல் தஞ்சை நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கோ கடற்கரையே கிடையாது. ஆகவே 1916இல் வெளிவந்த சமஸ்தானத்தின் பொது வரலாறும், 1938 முதல் 1944 வரை வெளிவந்த அதன் கையேடும் இப்பட்டினங்களைத் தமக்குரிய பொருளாகக் கொள்ளவில்லை. 1906இல் ஹெமிங்வே எழுதிய தஞ்சை மாவட்ட விவரச்சுவடியோ காவிரிப் படுகையையே மையமாகக் கொண்டது. தென்கோடிக் கரை அதற்கு ஓர் ஓரம். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14 அன்றுதான், தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கடற்கரைப் பகுதியும் சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டம் உருவாயிற்று. இவ்வாறு இரு விவரச்சுவடிகளுக்கும் இடைப்பட்ட வெளியில் இக்கரையின் வரலாறு விழுந்துவிட்டது.

அதே 1974ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பாக் நீரிணைக் கடலில் எல்லைக்கோடு வரையப்பட்டது. நிலத்தில் புதிய மாவட்டம் பெற்ற அதே ஆண்டில், கடலில் இக்கரை ஓர் எல்லையையும் பெற்றது. கடவுத்துறை என்று பெயர் பெற்ற கடல் தடுப்பாக மாறியது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இருந்து செல்லும் விசைப்படகு மீனவர்கள் அடிக்கடி சிறைப்படுவதையும் படகுகளை இழப்பதையும் நாம் அறிவோம். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கலத்துடன் மோதி மூழ்கியதில் நால்வர் உயிரிழந்தனர். மறுபுறம், நம் பகுதியின் இழுவைமடிகளால் தம் வலைகளும் மீன்வளமும் அழிவதாக யாழ்ப்பாண மீனவர்கள் முறையிடுகின்றனர். அம்முறையீட்டிலும் நியாயம் உண்டு. இருசாராரும் பேசுவது ஒரே தமிழ். இச்சிக்கலுக்கு அரசியல் தீர்வு கூறுவது நம் தகுதிக்கு அப்பாற்பட்டது. எனினும், இரு கரைகளும் நூற்றாண்டுகளாக ஒரே கடலைப் பகிர்ந்து வாழ்ந்த வரலாறு இருசாராருக்கும் தெரிந்திருந்தால், பேச்சுவார்த்தையின் தொனியேனும் மாறும் என்று நம்புகிறோம்.

அவ்வரலாற்றை எழுதுவதற்கான மூலங்கள் எங்கே உள்ளன? பள்ளிவாசல் பதிவேடுகள், நிக்காஹ் தஃப்தர்கள், வக்ஃபு ஆவணங்கள், கபுருஸ்தான்களின் மீஸான் கற்கள், கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றோர் எழுதிய கடிதங்கள், பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் ஆகியவையே அம்மூலங்கள். பழைய வீடு இடிக்கப்படும்போதும் பள்ளிவாசல் புதுப்பிக்கப்படும்போதும் இவை குப்பையாகக் கழிகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது ஒரே இரவில் எத்தனை கூரைகள் பறந்தன என்பதைக் கண்டோம். காகிதத்துக்கு அத்தகைய ஓர் இரவு போதும்.

பல்கலைக்கழக ஆய்வாளர் பலருக்கு அரபுத்தமிழ் படிக்கத் தெரியாது. மதரஸாவில் ஓதும் மாணவருக்கு அரபு எழுத்து தெரியும், தமிழும் தாய்மொழி. சில வாரப் பயிற்சியில் அவர் அக்கிதாபுகளை வாசித்துவிடுவார். ஆனால் நம் பாடத்திட்டங்களில் அரபுத்தமிழுக்கு இடமளித்தவை சிலவே. இக்கரையின் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் வசமுள்ள ஆவணங்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கட்டும்; கற்களைப் பெயர்க்குமுன் படம் எடுத்து வைக்கட்டும்; அருகிலுள்ள அரபுக் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவருக்கு இவற்றைப் படித்தெழுதும் பணியை அளிக்கட்டும். பெரும் பொருட்செலவின்றி இவை இயலும்.

கடத்தலைக் குறிக்கும் அதே வேர்ச்சொல்லிலிருந்துதான் 'இப்ரத்' என்னும் சொல்லும் பிறந்தது. கண்முன் காண்பதைக் கடந்து அதன் உட்பொருளை அடைவதே படிப்பினை. மஅபர் என்று பெயர் பெற்ற கரையில் வாழ்வோர் தம் வரலாற்றிலிருந்து இப்ரத் பெறுவதற்கு, அவ்வரலாறு முதலில் எழுதப்பட வேண்டும். அப்பணியை மேற்கொள்வோருக்கு வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக.