சங்கம் என்ற சொல்லும் ஆரணித் தறியும்

ஆரணியில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், வியாபாரிகள் சங்கம், சாதிக்கொரு சங்கம். ஒவ்வொன்றும் தன் உறுப்பினர்களைச் சமமானவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறது. நெசவுத் தெருவில் நடந்து பார்த்தால் வேறு கணக்கு தெரியும். ஒரு வீட்டுக்கு மாடிமேல் மாடி ஏறுகிறது. எதிர்வீட்டில் தறிக்குழி போக மிஞ்சின இடத்தில்தான் குடித்தனம். இரண்டு வீட்டுக்காரரும் ஒரே சாதியாக இருக்கலாம், மாமன் மச்சானாகவும் இருக்கலாம். சங்கம் தரும் சமத்துவம் எதைச் சமமாக்குகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்பதே இங்கு நம் கேள்வி.

இந்தியாவில் 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. உற்பத்திக்கும் விற்பனைக்குமான சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர்பெற்ற மாகாண நெசவாளர் சங்கம் 1935இல் சென்னையில் தோன்றியது. ஆளுக்கு ஒரு ஓட்டு என்கிற இதன் விதிக்கு மூலம் இங்கிலாந்தின் ராச்டேல் நகரம். நெசவாளிகளையும் உள்ளடக்கிய 28 பேர் 1844இல் அங்கே ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். 1854இல் அதே ஊரில் ஒரு கூட்டுறவு ஆலை தொடங்கி, லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு என்றார்கள். பங்குதாரர் பெருகியதும், 1862இல் அந்தப் பங்கை ஓட்டெடுத்தே ஒழித்துவிட்டார்கள். ஓட்டுரிமை இருந்தது, உழைத்தவன் கையில் பெரும்பான்மை இல்லை. கூட்டுறவின் பிறப்பிடத்திலேயே இந்த முரண் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஆரணிக்கு வருவோம். உற்பத்திச் சாதனம் யாரிடம் என்று பார்த்தால் வர்க்கம் விளங்கும் என்பது நாம் படித்த பாடம். இங்கோ தறி பல சமயம் நெசவாளியுடையதுதான். ஆனால் பட்டும் ஜரிகையும், பாவும் ஊடையும், சேலைக்கான டிசைனும் முதலாளி வீட்டிலிருந்து வருகின்றன. நெய்த சேலையும் அங்கேயே போகிறது. எந்தச் சேலை என்ன விலைக்குப் போகும் என்ற தகவலும் அவரிடம்தான். தறி சொந்தம் என்பதால் அதைப் பழுதுபார்க்கும் செலவு நெசவாளி தலையில். தறி நிற்கும் இடத்துக்கு வாடகை கேட்க முடியாது. இதோடு முன்பணம். வேறு முதலாளியிடம் போக வேண்டுமென்றால் அதைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். கடனை அடைக்க முடியாது, ஆளையும் மாற்ற முடியாது. சொத்துள்ளவன் போலத் தோன்றும் கூலிக்காரன் இவன். புள்ளிவிவரத்தில் 'சுயதொழில்' என்று பதிவாகக்கூடியவனும் இவன்தான்.

ஆரணியை 1970களிலிருந்து திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தவர் பார்பரா ஹாரிஸ்-வைட். அவர் தொகுத்து 2016இல் வந்த நூல் இவ்வூரின் நாற்பதாண்டு மாற்றங்களைப் பேசுகிறது. அவரும் இத்தாலியப் பொருளியலாளர் எலிசபெத்தா பசீலேவும் இங்குள்ள சங்கங்களைப் பற்றி முன்வைத்த வாதம் நமக்கு முக்கியம். சாதியும் தொழிலும் பின்னிய சங்கங்கள் முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, வர்க்க முரண் வெளிவராமல் அமுக்குகின்றன என்பது அதன் சாரம். நாம் பார்த்த மாமன் மச்சான் உறவின் வேலையும் இதுதான். 'நம்மாளுதானே, பேசிக்கலாம்' என்ற ஒரு சொல்லில் கூலித் தகராறு குடும்பச் சண்டையாகிவிடுகிறது. குடும்பச் சண்டையில் சின்னவன் பெரியவரை எதிர்த்துப் பேசலாகாது.

குடும்பத்துக்குள்ளேயும் கணக்கு நேர் இல்லை. தார் சுற்றுவது, பட்டு இழைப்பது, பாவு பிணைக்க உதவுவது என்று பெண்கள் செய்யும் வேலை பலவும் சேலைக் கூலிக்குள் கரைந்துவிடுகிறது. கூலி தறிக்கு, உழைப்பு இரண்டு மூன்று பேருடையது. வீட்டுத் தலைவன் பெயரில் உறுப்பினர் அட்டை என்றால், அந்த வீட்டின் பாதி உழைப்புக்கு ஓட்டே இல்லை.

இதனால் கூட்டுறவே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். சங்கம் ஒழுங்காக நடக்கும் இடத்தில் கூலிக்கு எழுதிய கணக்கு உண்டு, போனஸ் கேட்க ஓர் இடம் உண்டு. வெளி முதலாளியிடம் பேரம் பேச அந்தக் கூலி ஓர் அளவுகோலாகவும் பயன்படும். அரசியல் சமத்துவமும் பொருளியல் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே நீடித்தால் ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். நாட்டுக்குச் சொன்னது நெசவுத் தெருவுக்கும் பொருந்தும். பட்டு வாங்கும் மூலதனம், விற்கும் சந்தை, பெண்ணுக்குத் தன் பெயரில் உறுப்பினர் அட்டை, இந்த மூன்றும் சங்கத்தின் கைக்கு வராதவரை ஆளுக்கொரு ஓட்டு என்பது முதலாளி அனுப்பும் பாவை நெய்வதற்கான சமத்துவம்தான்.